பொட்டாசியம் டீச்சரும் என் ஹாலும்

அந்த டியூஷன் சென்டரில் வேதியியல் எடுத்தவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பொட்டாசியம். தண்ணீர் பட்டாலே தீப்பிடிக்கிற உலோகம் அது என்று அவரே வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார். சொன்ன வாரமே பெயர் அவர்மேல் ஒட்டிக்கொண்டது. ஒருநாள் அவர் படியேறி வரும்போது, "டேய், பொட்டாசியம் வருது" என்று ஒரு பையன் உள்ளே எச்சரித்தது காதில் விழுந்தது. யார் சொன்னது என்று அவர் விசாரிக்கவில்லை. பொட்டாசியத்தின் எலக்ட்ரான் அமைப்பை ஒவ்வொருவராக எழுந்து சொல்லச் சொன்னார். இரண்டு, எட்டு, எட்டு, ஒன்று. தப்பாகச் சொன்னவர்கள் வகுப்பு முடியும்வரை நின்றார்கள். "பேர் வைக்கறதுன்னா, முதல்ல அது என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு வைங்க" என்பதோடு அந்த விஷயத்தை விட்டுவிட்டார். அவர் கணவருக்குக் குடிநீர் வாரியத்தில் வேலை என்று பிள்ளைகளுக்குத் தெரியவந்த அன்று மட்டும் வகுப்பில் சிரிப்பை அடக்க முடியவில்லை. டீச்சருக்கும்தான்.

கோபக்காரர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எல்லோரும் நினைக்கிற காரணங்களுக்காகக் கோபப்படுகிறவர் அல்ல. வகுப்பில் சத்தம் போட்டால் பொறுத்துக்கொள்வார். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தால், நாளைக்கு எழுதிக்கொண்டு வா என்பதோடு சரி. "அது அப்படித்தான், எழுதிக்கோ" என்கிற ஒரு வாக்கியம்தான் அவருக்கு ஆகாது. பக்கத்து அறையில் யாராவது அதைச் சொல்வது சுவர் தாண்டிக் கேட்டுவிட்டால், அன்றைக்கு ஆசிரியர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

அதற்கு ஒரு பழைய கதை உண்டு. அவர் பள்ளியில் படித்தபோது அறிவியல் ஆசிரியர் பலகையில் ஓர் அணுவை வரைந்தார். நடுவில் உட்கரு, அதற்குள் புரோட்டானும் நியூட்ரானும். சுற்றிலும் வட்டங்கள், வட்டங்களின் மேல் எலக்ட்ரான்கள். உட்கருவுக்கும் முதல் வட்டத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று இவர் கேட்டார். ஆசிரியர் திரும்பிப் பார்க்காமலே "காத்து" என்றார். இவர் உட்காரவில்லை. "காத்தும் அணுவாலதானே சார் ஆனது? அப்ப அந்தக் காத்தோட அணுவுக்கு நடுவுல என்ன இருக்கும்?" வகுப்பு கொல்லென்று சிரித்தது. அன்று மதியம் முழுவதும் இவர் வராந்தாவில் நின்றார். நடுவில் ஒன்றுமே இல்லை, வெறும் வெளிதான் என்பதைக் கல்லூரிக்குப் போன பிறகு ஒரு புத்தகத்தில்தான் படித்துத் தெரிந்துகொண்டார். படித்ததும் சந்தோஷம் வரவில்லை. வராந்தாவில் நின்ற கால்வலிதான் ஞாபகம் வந்தது. "தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த மனுஷனுக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்" என்று கல்யாணமாகிப் பல வருஷம் கழித்தும் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கணவர் சாப்பிட்டபடியே தலையாட்டுவார். அவருக்கு அந்த வாக்கியம் மனப்பாடம்.

சென்டர் அவருடைய தம்பியுடையது. தம்பி படிப்பில் சுமார். பள்ளியில் வேதியியலில் இரண்டு முறை தோற்றவன். மூன்றாவது முறை அவனை உட்காரவைத்து அக்காதான் சொல்லிக்கொடுத்தார். அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து பட்டன்களைக் கொட்டி, ஒரு தட்டின் நடுவில் பெரிய பட்டனை வைத்து, சுற்றிச் சின்னப் பட்டன்களை அடுக்கினார். உள்கூட்டில் இரண்டுக்கு மேல் இடமில்லை, அடுத்ததில் எட்டு. வெளிக்கூட்டில் எத்தனை பட்டன் மிச்சம் என்பதைப் பார்த்தாலே அந்த அணு யாரோடு சேரும், எப்படிச் சேரும் என்று சொல்லிவிடலாம் என்றார். தம்பிக்கு அது பிடித்துப்போனது. அந்த வருஷம் தேறிவிட்டான். அதற்குப் பிறகு வணிகம் படித்து, ஒரு விளம்பரக் கம்பெனியில் சில காலம் இருந்து, பேசத் தெரிந்தவனாக ஊருக்குத் திரும்பினான். அப்பா விட்டுப்போன பழைய கட்டடத்தில் சென்டரைத் தொடங்கினான். முதல் ஆசிரியர் அக்கா. கதவில் மாட்டிய பலகையில் தன் பெயருக்குக் கீழே டைரக்டர் என்று எழுதிக்கொண்டான். அதில் அக்காவுக்கு வருத்தம் எதுவும் இல்லை. எழுதிக்கொள்ளட்டும், வாடகை இல்லாத இடத்தில் பாடம் எடுக்கிறோமே என்றுதான் நினைத்தார்.

வினை ஒரு நல்ல பாடத்திலிருந்துதான் ஆரம்பித்தது. கட்டடத்துக்குப் பின்னால் கொஞ்சம் வெட்டவெளி உண்டு. ஒரு மாலை அங்கே சுண்ணாம்பால் பெரிய வட்டங்கள் போட்டார் டீச்சர். நடுவில் பிள்ளைகளின் பைகளைக் குவித்து அதுதான் உட்கரு என்றார். முதல் வட்டத்தில் இரண்டு பேர், இரண்டாவதில் எட்டு, மூன்றாவதில் எட்டு. வெளியே ஒரு பெண் மட்டும் தனியாக. "இப்ப எல்லாரும் வெளியில நிக்கறவளைப் பாருங்க. உள்ள நிக்கற நீங்க யாரும் வெளி ஆளுங்களோட பேசப் போறதில்ல. எந்தப் பொருளோட சேர்றதா இருந்தாலும் இவதான் போய்ச் சேரணும். வேதியியல்னு நாம படிக்கறது முக்கால்வாசி இவளோட கதைதான்." வட்டம் என்பது நம் வசதிக்குப் போட்டது, எலக்ட்ரான் தண்டவாளத்தில் போகிற ரயில் இல்லை, இந்த நொடி எங்கே இருக்கிறது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னார். பிள்ளைகள் வட்டத்தை மிதித்து அழித்துக்கொண்டு ஓடினார்கள். மாடியிலிருந்து தம்பி அதைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் சென்டரின் அறைகளுக்கெல்லாம் புதுப் பெயர்ப் பலகை வந்தது. கே ஹால், எல் ஹால், எம் ஹால், என் ஹால். அணுவின் கூடுகளுக்கு வைத்த அதே எழுத்துகள். மாதத் தேர்வில் முதலில் வருகிறவர்களுக்குக் கே ஹால். குளிர்சாதனம், மெத்தை வைத்த நாற்காலி. அடுத்தடுத்த மதிப்பெண்காரர்களுக்கு எல், எம். கடைசியில் மிஞ்சியவர்கள் எல்லோரும் என் ஹாலில். அது முன்பு வண்டி நிறுத்துகிற கொட்டகையாக இருந்தது. தகரக் கூரை. ஒரு பக்கச் சுவருக்கு அந்தப் புறம் ஜெனரேட்டர். மின்சாரம் நின்றால் கே ஹாலைக் குளிரவைக்க அது ஓடும். அந்தச் சத்தத்தில் என் ஹாலில் பாடம் கேட்காது.

டீச்சர் நேராகத் தம்பியின் அறைக்குப் போனார். உட்கருவுக்குப் பக்கத்தில் இருப்பது ஒசத்தி, தள்ளி இருப்பது மட்டம் என்று எவன் சொன்னான் என்று கேட்டார். தம்பி சிரித்தான். பெற்றோருக்குப் புரிகிற மாதிரி ஒரு பெயர், அவ்வளவுதான், இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்றான். கே கூட்டில் இரண்டு பேருக்குத்தானே இடம், நீ இருபது நாற்காலி போட்டிருக்கிறாயே என்று அக்கா கேட்டதற்கு, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ என்றான். பெற்றோர் யாரும் முறையிடவில்லை என்பதுதான் அவரை இன்னும் எரியவைத்தது. அவர்களுக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. "எங்க பையன் எல்லுக்கு வந்துட்டான்" என்று தெருவில் சொல்லிக்கொண்டார்கள். தன் பிள்ளை என் ஹாலில் இருந்தால் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அம்மாவும் தம்பி பக்கம்தான். அம்மா அவன் வீட்டில் இருந்தார். தொலைபேசியில் அழைத்து, அவன் சின்னவன், நீதான் விட்டுக்கொடுத்துப் போகணும் என்றார். நாற்பது வயசில் என்ன சின்னவன் என்று மகள் கேட்டார். அம்மா வழக்கம்போல அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று போனை வைத்துவிட்டார்.

என் ஹாலுக்குப் பாடம் எடுக்க வேறு யாரும் விரும்பவில்லை. வெக்கை, சத்தம், போதாததற்கு மார்க் வாங்காத பிள்ளைகள். டீச்சர் கே ஹால் வகுப்புகளை மற்றவரிடம் கொடுத்துவிட்டு என் ஹாலை மட்டும் எடுத்துக்கொண்டார். அதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் கடித்துக் குதறிவிடுவார். அவருக்கு அது கோபம். சுத்தமான கோபம். நனைத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஜெனரேட்டர் ஓடும்போது அதைவிட உரக்கக் கத்திப் பாடம் நடத்தினார். பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. "மத்த ஹாலெல்லாம் வெறும் எழுத்து டீச்சர். இது மட்டும்தான் என் ஹால்" என்று ஒருவன் சொல்ல, அதுவே அவர்களுடைய வேடிக்கையாகிவிட்டது. யாராவது எங்கே போகிறாய் என்று கேட்டால் நெஞ்சில் கை வைத்து "என் ஹாலுக்கு" என்றார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண். அப்பா சென்டருக்கு எதிரே இருந்த பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுகிறவர். அங்கே அவரை டயர் என்றே கூப்பிடுவார்கள். மகள் மெதுவாக எழுதுவாள். தேர்வில் பாதிக் கேள்வியோடு நேரம் முடிந்துவிடும். அதனால்தான் என் ஹால். ஒருநாள் அவள் எழுந்து, மூன்றாவது கூட்டில் பதினெட்டு எலக்ட்ரான் வரைக்கும் இடம் உண்டு என்று நீங்கள்தான் சூத்திரம் எழுதிப்போட்டீர்கள், பிறகு பொட்டாசியத்தில் எட்டு வந்ததும் பத்தொன்பதாவது ஏன் அதை விட்டுவிட்டு நாலாவது கூட்டுக்குப் போகிறது என்று கேட்டாள். இடம் காலியாக இருக்கும்போது ஏன் வெளியே போய் நிற்கிறது?

டீச்சர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார். நன்றாகப் படிக்கிறவர்களுக்கே எத்தனையோ வருஷம் பாடம் எடுத்திருக்கிறார். இரண்டு, எட்டு, எட்டு, ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தவர்களில் ஒருவரும் இதைக் கேட்டதில்லை. உங்கள் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை, மேல்வகுப்பில்தான் வரும், ஆனாலும் சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் அறைகள் உண்டு. எல்லா அறையும் ஒரே ஆற்றலில் இல்லை. மூன்றாவது கூட்டின் கடைசி அறைக்குப் போவதைவிட நாலாவது கூட்டின் முதல் அறைக்குப் போக அந்த எலக்ட்ரானுக்குக் குறைந்த ஆற்றல் போதும். பத்தொன்பதாவதும் இருபதாவதும் அங்கே போய்விடும். அதற்குப் பிறகுதான் காலியாக விட்ட அறை நிரம்ப ஆரம்பிக்கும். "எலக்ட்ரான் நம்பர் பாத்து உக்காராது. எது தனக்குச் சுலபமோ அங்க உக்காரும். வெளியில இருக்குன்னா அதுக்குத் தகுதி இல்லைன்னு அர்த்தமில்ல." ஜெனரேட்டர் சத்தத்தில் கடைசி வரிசைக்குக் கேட்டிருக்காது. அவரும் அவர்களுக்காக மட்டும் அதைச் சொல்லவில்லை.

பொதுத்தேர்வு நெருங்கியபோது தம்பி ஒரு வேலையைச் செய்தான். இனி என் ஹாலுக்கு வகுப்பு கிடையாது, பிள்ளைகள் வீட்டிலேயே படிக்கட்டும் என்று அறிவித்துவிட்டான். காரணம் எல்லோருக்கும் தெரியும். தேர்ச்சி நூறு சதவீதம் என்று விளம்பரம் போட வேண்டும். தேறமாட்டார்கள் என்று அவன் முடிவு செய்தவர்கள் அந்தக் கணக்கில் வரக்கூடாது. அக்காவிடம் அவன் முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. மாலையில் அவர் வந்தபோது கொட்டகை பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் வாசலில் பையோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

தம்பியின் அறையில் அன்று நடந்ததை வெளியே நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். சாவி எங்கே என்றார் அக்கா. தம்பி நாற்காலியை விட்டு எழவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. அதுதான் அவனுடைய திறமை.

"அக்கா, சோடியம் என்ன பண்ணும்? வெளிக்கூட்டுல இருக்கற ஒண்ணை விட்டுட்டு நிம்மதியா ஆயிடும். நியான் மாதிரி. நீதானே பட்டன் வச்சுச் சொல்லிக்கொடுத்த."

டீச்சர் அவன் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தார்.

"அரைகுறையா கேட்டிருக்க. சோடியம் ஒண்ணை விட்டா நியான் ஆகாது. பதினோரு புரோட்டானை வச்சுக்கிட்டுப் பத்து எலக்ட்ரானோட நிக்கும். மின்னேத்தத்தோட நிக்கும். விட்டது காணாமப் போயிடாது, பக்கத்துல ஒண்ணு அதை வாங்கிக்கும். அதுக்கப்புறம் வாங்கினதை விட்டு அது நகரவும் முடியாது. அதை உப்புன்னு சொல்லுவாங்க. உனக்கு நான் அன்னைக்கே சொன்னேன்."

"இது பிஸினஸ் அக்கா."

"ரெண்டு தடவை ஃபெயிலான உன்னை நான் உக்காரவச்சுச் சொல்லிக்கொடுத்தேன். அன்னைக்கு உன்னை வீட்டுல போய்ப் படின்னு சொல்லியிருக்கணும்."

தம்பியின் முகம் சுருங்கியது. வெளியே பிள்ளைகள் நிற்கிறார்கள், மெதுவாகப் பேசு என்றான். அவர்களும் கேட்கட்டும் என்றுதான் சொல்கிறேன் என்றார் அக்கா. தன் மேசையிலிருந்து சுண்ணக்கட்டிப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்துக்குள் அவர் காலடி வைக்கவில்லை.

சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை காலியாக இருந்தது. கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து வெள்ளையடித்துக் கொடுத்தார், தண்ணீர்க் குழாயையும் சரிசெய்தார். கொட்டகையிலிருந்த பிள்ளைகள் எல்லோரும் வருவார்கள் என்று டீச்சர் நம்பியிருந்தார். பாதிக்கும் குறைவாகத்தான் வந்தார்கள். மற்றவர்களின் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டார். ஒரு தாய், சார் மனசு மாறி மறுபடி சேர்த்துக்குவார், இப்ப உங்களோட வந்தா கோச்சுக்குவார் என்றாள். ஒரு தகப்பன் கதவைப் பாதி திறந்தபடியே, உங்கள் வீட்டுச் சண்டையில் எங்கள் பிள்ளையை இழுக்காதீர்கள் என்றான். அன்று வீட்டுக்கு வந்து டீச்சர் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். தூக்கி வெளியே போட்டவனுக்கே காவடி தூக்குகிறார்களே, இவர்களுக்காகவா நான் வேலையை விட்டேன் என்றார். கணவர், இவங்களுக்காக இல்ல, உன் கோபத்துக்காக விட்ட என்றார். உண்மை. அதனால் அவரோடும் இரண்டு வேளை பேசவில்லை.

வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். டயர்காரர் மகள் வந்தாள். அவளுக்குப் பாடம் புரியாத பிரச்சினை இல்லை, கை மெதுவாக ஓடுகிற பிரச்சினை. முதலில் எதை எழுதுவது, எதைச் சுருக்குவது என்று டீச்சர் அவளைத் தினமும் எழுதவைத்தார். கோபமாகத்தான். அழவும் வைத்தார். கீழே டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர், மேலே என்ன சத்தம் என்று அவ்வப்போது தலையை நீட்டிக் கேட்டுவிட்டுப் போவார்.

முடிவுகள் வந்தன. எல்லோரும் தேறிவிட்டார்கள் என்று சொன்னால் பொய். நாலைந்து பேர் தோற்றார்கள். அவர்களில் ஒருவன் அதற்குப் பிறகு படிக்கவே வரவில்லை, டீச்சர் தேடிப் போயும் கதவு திறக்கவில்லை. மற்றவர்கள் சுமாராகத் தேறினார்கள். டயர்காரர் மகள் வேதியியலில் மட்டும் கே ஹாலில் பலரைத் தாண்டியிருந்தாள். டீச்சர் அவள் தலையில் ஒரு குட்டு வைத்தார். மெதுவாகத்தான்.

அந்த வாரமே பணிமனைக்கு எதிரே சென்டரின் சுற்றுச்சுவரில் பெரிய பேனர் ஒன்று கட்டப்பட்டது. தம்பியின் சென்டர், நூறு சதவீதத் தேர்ச்சி, எங்கள் பெருமைகள். வரிசையாக முகங்கள். மூன்றாவது முகம் டயர்காரர் மகள். முதன்முதலில் சேர்ந்தபோது எடுத்த போட்டோ. வெளியே அனுப்பியவளுடைய மார்க்கைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டுவிட்டான்.

சைக்கிள் கடைக்காரர்தான் முதலில் பார்த்துவிட்டு வந்து சொன்னார். டீச்சர் தம்பிக்குப் போன் செய்தார். அவள் அட்மிஷன் எங்களிடம்தானே அக்கா, கடைசி வரை பெயரை நாங்கள் நீக்கவே இல்லையே என்றான். அவன் குரலில் கூச்சம் ஒரு துளிகூட இல்லை. டீச்சர் போனை வைத்தார். கடைக்காரரிடம் டியூப் வெட்டுகிற கத்தியைக் கேட்டார். அவர் எதற்கு என்று கேட்காமலே கொடுத்தார். பட்டப்பகலில், பேருந்து நிறுத்தத்தில் அத்தனை பேர் நிற்கையில், சுவரோரத் திண்டின் மேல் ஏறி நின்று அந்தப் பெண்ணின் முகத்தை மட்டும் சதுரமாக வெட்டி எடுத்தார். யாரும் தடுக்கவில்லை. அவர் முகம் இருந்த நிலையில் யாரும் தடுத்திருக்கவும் மாட்டார்கள். பேனரில் ஓட்டை விழுந்த இடத்தில் பின்னால் இருந்த செங்கல் தெரிந்தது. சுருட்டிக் கையில் பிடித்தபடி அவர் நடந்தபோது, பல வருஷத்துக் கனம் இறங்கிய மாதிரி இருந்தது.

சாயங்காலம் டயர்காரர் வந்தார். வேலை உடுப்போடு, கையில் கிரீஸ் கறையோடு. மாடிப்படியில் பாதியிலேயே நின்றுகொண்டார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று டீச்சர் நினைத்தார்.

"ஏன் டீச்சர் வெட்டினீங்க?"

டீச்சர் விளக்கினார். உங்கள் பெண்ணை வெளியே தள்ளிப் பூட்டியவன் அவன், இப்போது அவள் முகத்தை வைத்து வியாபாரம் பண்ணுகிறான் என்றார்.

"அது எனக்குத் தெரியாதா? பொய் சொல்றான்னு எல்லாருக்கும் தெரியும்." அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "நான் அந்த டெப்போ கேட்டுல எத்தனை வருஷமா வந்து போறேன். என் பேர் அங்க ஒருத்தனுக்கும் தெரியாது. இந்த வாரம் டிரைவருங்க பஸ்ஸை நிறுத்திட்டு இறங்கி வந்து, டயர், அது உன் பொண்ணாய்யான்னு கேட்டாங்க. மேனேஜர் கேட்டாரு. இன்னைக்கு மத்தியானம் வெளியே வந்து பாக்கறேன், அவ இருந்த இடத்துல ஓட்டை. எல்லாரும் என் மூஞ்சியைப் பாக்கறாங்க. என்னமோ என் பொண்ணு திருடி மாட்டிக்கிட்ட மாதிரி."

டயர்காரர் ஒரு படி மேலே ஏறி நின்றார்.

"உங்க கோபம் நியாயம்தான். போட்டோ எங்களோடது. வெட்டறதுக்கு முன்னாடி எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

சுருட்டி வைத்திருந்ததை டீச்சர் எடுத்துக் கொடுத்தார். அவர் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். அவர் இறங்கிப் போன பிறகு டீச்சர் அன்றைய வகுப்பை நடத்த முடியாமல், பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். இந்த முறை கோபத்தைக் காட்ட ஆள் இல்லை. தம்பியைத் திட்டிப் பார்த்தார், அது பாதி வழியில் நின்றுபோனது. அந்த மனுஷனைத் திட்ட முடியவில்லை. மிச்சம் இருந்தது தான் ஒருத்திதான்.

யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவர் அவர். கேட்க வேண்டிய இடத்தில்கூடக் கொஞ்சம் சத்தத்தைக் குறைத்துக்கொள்வார், அவ்வளவுதான். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை டயர்காரர் வீட்டுக்குப் போனார். ஒற்றை அறை, ஓரத்தில் சமையல், கயிற்றுக்கொடியில் பணிமனை உடுப்புகள். வெட்டிய முகத்தை அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருந்தார்கள். டயர்காரர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீச்சர் உட்காரவில்லை.

"கேக்காம வெட்டினது தப்பு. மன்னிச்சுக்கோங்க" என்றார் நின்றபடியே. சொல்லும்போதுகூடத் திட்டுகிற குரல்தான் வந்தது.

அவர் மனைவி டீயைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள், அதை வாங்குவதற்காகவாவது உட்கார வேண்டியதாயிற்று. மகள் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். நீங்கள் வெட்டியது நல்லதுதான் டீச்சர், அந்தப் போட்டோவில் எனக்குப் பாதிக் கண் மூடியிருக்கிறது, பஸ்ஸில் வருகிறவன் எல்லாம் தூங்குமூஞ்சி என்று நினைத்திருப்பான் என்றாள். அப்பா அவளைப் பார்த்து முறைத்தார், பிறகு அவரும் அலமாரிப் பக்கம் பார்த்துவிட்டு, கொஞ்சம் அப்படித்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். அவளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று கொஞ்ச நேரம் பேசினார்கள். வேதியியல்தான் வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருந்தாள். அம்மாவுக்கு நர்ஸ் வேலை ஆசை. டீச்சர் இரண்டு பக்கமும் பேசாமல் டீயைக் குடித்தார். அன்றைக்கு இன்னொருவர் விஷயத்தில் தானாக வெட்டி ஒட்டுவதில்லை என்று முடிவு செய்திருந்தார்.

கிளம்பும்போது டயர்காரர் பேருந்து நிறுத்தம் வரை கூட வந்தார். எதிரே பேனர் இன்னும் இருந்தது. தம்பி ஓட்டையை மறைக்க வேறொரு பையனின் படத்தைக் கொண்டுவந்து அங்கே ஒட்டியிருந்தான். அந்தப் பையனும் என் ஹால்தான். டீச்சருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கத்தி இருக்கிறதா என்று கை பையைத் துழாவியது. பிறகு நின்றது.

"தம்பி மேல இன்னும் கோபம் போகலையா டீச்சர்?" என்றார் டயர்காரர்.

"போகல."

"எனக்கும்தான்" என்றார் அவர். "அந்தப் பையன் வீடு எனக்குத் தெரியும். நாளைக்கு ஷிப்டு முடிஞ்சதும் கூட்டிட்டுப் போறேன். முதல்ல அவங்களைக் கேப்போம்."

டீச்சர் சரி என்றார். மறுநாள் எத்தனை மணிக்கு, பணிமனையின் எந்த கேட்டில் நிற்பது என்று இருவரும் பேசி முடிப்பதற்குள் பேருந்து வந்துவிட்டது.